வேர் அறுந்த பெயர்: புற்றுக்காளான் வகைப்பாட்டில் தாமஸ் பெச்சின் 1913ஆம் ஆண்டு முடிவு

இலங்கைக் காளான்களைப் பற்றி எழுத உட்காரும் எவரும் தாமஸ் பெச்சை (1870–1948) ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. 1905இல் அரசுப் பூஞ்சையியலாளராகப் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு வந்தவர் அவர். பின்னாளில் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராகவும் இருந்தார். அவர் தொகுத்துக்கொண்டிருந்த இலங்கைப் பூஞ்சைப் பட்டியல் அவர் இறந்தபின், 1950இல், பிஸ்பியின் கையால் முடிந்து அச்சேறியது. அந்தப் பட்டியல் முழுவதோடும் எனக்கு வழக்கில்லை. வழக்கு ஒரே ஒரு முடிவோடுதான். 1913இல் பேராதனைப் பூங்காவின் ஆண்டிதழில் கறையான் பூஞ்சைகளைப் பற்றி எழுதிய தொகுப்புரையில், கறையான் புற்றுக்குள்ளிருந்து நீண்ட வேரோடு எழும் பெரிய காளான்களையெல்லாம் பெச் ஒரே இனமாக்கினார். அதற்குக் 'கொல்லிபியா அல்புமினோசா' என்று பெயரிட்டார். ஜாவாவிலும் பிற இடங்களிலும் வேறு பெயர்களில் விவரிக்கப்பட்டவையும் அதே கூடைக்குள் போயின.

அவர் கண்டது பெரும்பாலும் சரி, சூட்டிய பெயர் பிழை, அந்தப் பெயரால் நம் பகுதியின் பல காளான்கள் நெடுங்காலம் ஒன்றாகவே எண்ணப்பட்டன என்பது என் வாதம்.

முன்கதை சுருக்கமாக. புற்றுக்குள் பூஞ்சை இருப்பதை அச்சில் முதலில் பதிந்தவர்களில் ஒருவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயசின் மாணவர், தரங்கம்பாடி மிஷனின் மருத்துவர், பிறகு ஆற்காட்டு நவாபிடமும் கும்பெனியிடமும் இயற்கையியலாளராக வேலை பார்த்தவர். தஞ்சாவூர்ப் பகுதியில் கறையான்களைக் கவனித்து அவர் எழுதிய கட்டுரை 1779இல் பெர்லின் இயற்கையியலாளர் சங்கத்தின் இதழில் வந்தது. ஈசல் பிடிக்கும் முறை ஒன்றும் அவர் சொன்னதாக வழங்குகிறது. புற்றில் காற்று வரும் பக்கம் ஒரு துளை, எதிர்ப்பக்கம் ஒரு துளை போடுவார்கள். எதிர்த்துளையில் வாசனை இலை தேய்த்த பானையை வாய்பொருத்தி வைத்து, காற்றுப்பக்கத்தில் நாற்றப் புகை மூட்டுவார்கள். ஈசல் பானைக்குள் கொட்டும். சில நேரம் நல்லபாம்பும் கூடவே வந்துவிடும். பானையில் தேய்த்த இலைக்கு அங்கே தரப்பட்டிருக்கும் பெயர் 'பெர்கேரா'. நம் கறிவேப்பிலைதான். 1771இல் லின்னேயஸ் அதற்கு வைத்த பெயரில் கோனிக்கின் பெயரும் சேர்ந்திருக்கிறது. பிடித்த ஈசலை மாவோடு பிசைந்து பணியாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்றார்கள் என்ற செய்தியும் உண்டு. நமக்கு வேண்டியது இதில் ஒன்றுதான்: புற்றைத் தின்பண்டத்தின் இடமாகப் பார்த்த மக்களிடமிருந்தே கோனிக்கின் பதிவு தொடங்குகிறது. பிற்காலத் தாவரவியலாளர்களின் குறிப்புகளில் இந்த வாசனை குறைந்துகொண்டே போகும்.

அடுத்த கட்டம் ஜார்ஜ் கார்ட்னர். 1844 முதல் 1849இல் இறக்கும்வரை பேராதனைப் பூங்காவின் கண்காணிப்பாளர். முன்னர் பிரேசிலில் திரிந்த காலத்தில், இரவில் ஒளிரும் ஏதோ ஒன்றைத் தெருவில் சிறுவர்கள் வைத்து விளையாடுவதைப் பார்த்து, அது காளான் என்று கண்டு, ஊரார் அதை அழைத்த பெயரையும் எழுதிக்கொண்டவர். அவர் இலங்கையிலிருந்து அனுப்பிய காளான்களை இங்கிலாந்தில் பாதிரியார் எம். ஜே. பெர்க்லி 1847இல் விவரித்தார். அந்த ஒரே வெளியீட்டில் நம் வழக்கின் இரண்டு கட்சிக்காரர்களும் பிறந்தார்கள்: 'அகாரிகஸ் யூரைசஸ்', 'அகாரிகஸ் அல்புமினோசஸ்'. முதல் பெயர் கிரேக்கம், 'நல்ல வேர் உடையது' என்று பொருள். இதை ஓர் 'ர்' இட்டும் இரண்டு 'ர்' இட்டும் எழுதுவோர் இன்றும் உண்டு. இந்த இடத்தில் கிரேக்கப் புணர்ச்சி விதி இரட்டிக்கச் சொல்வதில்லை. இரண்டாவது லத்தீன், முட்டையின் வெள்ளைக்கருவைச் சுட்டுவது.

இந்த இடத்தில் வாசகர் சற்று நிற்க வேண்டும். ஒரு பெயரில் வேர் இருக்கிறது, மற்றதில் நிறம்தான் இருக்கிறது.

புற்றுக்காளானைப் பறித்தவர்களுக்கு இந்த வேறுபாட்டின் எடை தெரியும். புற்றுக்குள் கறையான்கள் விழுங்கிக் கழித்த மரத்தூளாலும் சருகாலும் தேனடை போன்ற ஓர் அடையைக் கட்டுகின்றன. அந்த அடையில்தான் பூஞ்சை வளர்கிறது. மழை பெய்து மண் இளகியதும் அடையிலிருந்து ஒரு தண்டு மேல்நோக்கி நீள்கிறது. மொட்டின் உச்சியிலுள்ள கெட்டியான கூர்முனை மண்ணைத் துளைத்து வெளியே வந்தபின்தான் குடை விரிகிறது. அடை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு நீளம் அந்தத் தண்டின் மண்ணுக்குள்ளான பகுதி. அதையே 'வேர்' என்கிறோம். அவசரத்தில் பிடித்து இழுத்தால் வேர் பாதியில் அறுந்துபோகும். என் சிறுவயதில், இடி இடித்த மறுநாள் காலையில் வரப்போரப் புற்றுக்குக் கூடையோடு போனால், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொன்னதே இதுதான்: குடையைப் பிடிக்காதே, விரலை மண்ணுக்குள் விடு. வேர் அறுந்த புற்றுக்காளான் உலர்ந்தபின் மேசைமேல் கிடந்தால், புல்வெளியில் முளைக்கும் வேறு எத்தனையோ வெண்காளான்களைப் போலத்தான் இருக்கும்.

கார்ட்னருக்குப் பின் வந்த த்வெயிட்ஸ் இன்னும் பெருந்தொகையான பூஞ்சைகளைச் சேகரித்தார். பூங்காவின் ஓவியர்களான டி அல்விஸ் குடும்பத்தார் வண்ணத்தில் வரைந்தார்கள். பெர்க்லியும் அவர் நண்பர் புரூமும் 1871 தொடங்கிச் சில ஆண்டுகளில் அவற்றைப் பட்டியலிட்டு வெளியிட்டார்கள். காப்பிச் செடியை அழித்த துருநோய்ப் பூஞ்சைக்கு 1869இல் பெயர் வைத்தவர்களும் இந்த இருவர்தான். அவர்கள் பட்டியலில் 'அகாரிகஸ் மைக்ரோகார்ப்பஸ்' என்றொரு மிகச் சிறிய காளான் இருக்கிறது. அது பின்னால் வரும்.

பெச்சின் பெருமை, அவர் மேசையைவிட்டு எழுந்து புற்றுக்கே போனதில் இருக்கிறது. 1906இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இரண்டு வகைக் கறையான்களின் புற்றுகளைத் திறந்து பார்த்து எழுதியது. அடையின்மேல் குண்டூசித் தலையளவில் வெள்ளை உருண்டைகள் இருப்பதையும், புற்றிலிருந்து பெரிய காளான் எழுவதையும் விவரித்தார். உருண்டைக்கும் காளானுக்கும் உள்ள உறவை நிரூபிக்க அவரால் முடியவில்லை. உருண்டைகளை முளைக்கவைக்கும் முயற்சி பலிக்கவில்லை என்றும் மறைக்காமல் எழுதினார். அந்தக் கட்டுரையில் பெரிய காளானுக்கு அவர் தந்த பெயர் 'வோல்வேரியா யூரைசா'. அதாவது பெர்க்லியின் 'நல்ல வேர்' பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். தொடர்மழைக்குப் பின் கறையான்கள் அடையின் துணுக்குகளை வெளியே கொண்டுவந்து தரையில் இறைக்கின்றன என்பதையும், அந்தத் துணுக்குகளின்மேல் வேறொரு சிறு காளான் கூட்டங்கூட்டமாய் முளைக்கிறது என்பதையும் பதிந்தார். அந்தச் சிறியதுதான் மைக்ரோகார்ப்பஸ். இந்த அளவுக்கு நுட்பமாகப் பார்த்தவர் ஏழே ஆண்டுகளில் ஏன் அப்படியொரு முடிவுக்குப் போனார்?

அவரைத் தூண்டியது பூஞ்சைகளை ஒன்றுசேர்த்ததில் அதற்குமுன் அவர் கண்ட வெற்றிதான் என்பது என் ஊகம். தென்னிந்தியாவில் புற்றடியில் கிடைக்கும் கருநிறக் கிழங்கு போன்ற கட்டியைக் கேரளத்தில் நிலமாங்காய் என்பார்கள், நாட்டு மருந்தில் பயன்படுத்துவார்கள். 1862 முதல் அது 'ஸ்கிளரோஷியம் ஸ்டிபிடேட்டம்' என்ற தனிப்பெயரில் உலாவியது. கறையான் கைவிட்ட புற்றில் எழும் 'சைலேரியா நிக்ரிப்பஸ்' என்ற கறுத்த பூஞ்சையின் ஒரு பருவமே அது என்று பெச் காட்டினார். இரண்டு பெயர், ஓருயிர். வெவ்வேறு பெயர்களுக்குப் பின்னால் ஒரே உயிரின் பருவங்களைக் கண்டுபிடித்துப் பழகிய கண், அடுத்த வழக்கிலும் அதையே தேடுவது இயல்பு.

தேடியதற்கு நியாயமும் இருந்தது. புற்றுக்காளான் ஒன்றே வயதுக்கு வயது வேடம் மாற்றும். மொட்டாக இருக்கும்போது மேல்தோல் கிழிந்து வளையமும் பையும் போலத் தெரியும். அதைப் பார்த்தவர் ஆர்மிலேரியா என்பார், இன்னொருவர் வோல்வேரியா என்பார். குடை விரிந்தபின் தண்டு குருத்தெலும்பு போல விறைக்கும், உடனே கொல்லிபியா. உலர்ந்து தோல் போலானால் லென்டைனஸ். வித்துப்பொடி இளஞ்சிவப்பாய் விழுவதைக் கண்டவர் புளூட்டியஸ் என்பார். 1898இல் ஹோல்டர்மன் ஜாவாக் காளான் ஒன்றுக்கு வைத்த 'புளூட்டியஸ் ரஜாப்' இந்த வரிசையில் வந்ததே. கறையானைக் குறிக்கும் அந்தத் தீவுச் சொல் லத்தீன் பெயருக்குள் ஏறிக்கொண்டது. நம்மூர்ப் பெயருக்கோ சிங்களத்தில் புற்றுக்காளானைச் சொல்லும் இந்தலொலுவுக்கோ அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. பருவ வேறுபாட்டை இனவேறுபாடென்று மயங்கிய இந்தப் பெயர்க் கூட்டத்தை வெட்டியெறிய ஒருவர் வேண்டியிருந்தது. பெச் வெட்டினார்.

ஆனால் வயது வேறுபாட்டை அழித்த அதே கத்தி, மெய்யான வேறுபாட்டையும் சேர்த்து அழித்தது. பருவத்தொடர்ச்சியை நிறுவ ஒரு புற்றின் காளான்களை மொட்டிலிருந்து முதிர்வுவரை பார்த்தால் போதும். இனவொற்றுமையை நிறுவ அது போதாது. அதற்கு வெவ்வேறு புற்றுகளின், வெவ்வேறு கறையான்களின், வெவ்வேறு நாடுகளின் காளான்களை ஒரே பருவத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பேராதனைப் புற்றுகளில் கண்ட தொடர்ச்சியை ஜாவாவின் எழுத்து விவரிப்புகளுக்கும் நீட்டியது பாய்ச்சல். 1942இல் பாரிசில் ரோஜே ஹைம் 'டெர்மிட்டோமைசிஸ்' என்ற தனிப்பேரினத்தை நிறுவியபின்தான் பெச் கட்டிய மூட்டை அவிழத் தொடங்கியது. யூரைசஸ், மைக்ரோகார்ப்பஸ் இரண்டும் அந்தப் பேரினத்துக்குள் வந்தன. அல்புமினோசஸையும் ஹைம் அதில் சேர்த்தார். அங்கேதான் பெச்சின் நிழல் அவர்மேலும் விழுந்தது.

இப்போது பெயருக்கு வருகிறேன். 1847இல் ஒரே வெளியீட்டில் வந்த இரண்டு பெயர்களுக்கு மூப்பு, இளமை கிடையாது. இரண்டையும் ஒன்றாக்குபவர் எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம். 1906இல் யூரைசஸைக் கையாண்ட பெச், 1913இல் அல்புமினோசஸுக்கு மாறினார். அதாவது வேரைச் சாட்சியாகக் கொண்ட பெயரைத் துணைப்பெயராக்கி, நிறத்தை மட்டும் சொல்லும் பெயரை அரியணையில் ஏற்றினார். 1972இல் க்யூ தாவரவியல் பூங்காவின் டேவிட் பெக்லர், இலங்கையின் லெபியோட்டாக் காளான்களை மறுஆய்வு செய்தபோது, அகாரிகஸ் அல்புமினோசஸை மாக்ரோலெபியோட்டா பேரினத்துக்கு மாற்றினார். மாக்ரோலெபியோட்டா புல்வெளிக் காளான். வித்துப்பொடி வெள்ளை, வித்தின் சுவர் தடித்தது, அதன் நுனியில் முளைத்துளை உண்டு. டெர்மிட்டோமைசிஸின் வித்துப்பொடி இளஞ்சிவப்பு, வித்துச்சுவர் மெல்லியது. நுண்ணோக்கியில் இவ்விரண்டையும் மாற்றி எடுத்துக்கொள்ள வழியில்லை. பெக்லர் வழியில் பார்த்தால், ஆசியப் புற்றுக்காளான்கள் அத்தனைக்கும் பெச் பொதுப்பெயராக்கியது, புற்றோடு தொடர்பில்லாத ஒரு காளானின் பெயரை.

இதை மறுக்கச் சிலருக்கு இடமுண்டு. பெர்க்லி காலத்து உலர்மாதிரி உறை ஒன்றில் இரண்டு காளான்கள் கலந்திருப்பது அரிதல்ல. அல்புமினோசஸ் என்ற பெயரில் வைத்த உறைக்குள் ஒரு புற்றுக்காளானும் இருந்திருக்கலாம், பெச் அதைக் கருதியிருக்கலாம் என்று வாதிடலாம். அந்த வாதத்தை முழுக்கத் தள்ள நான் தயாராயில்லை. யுன்னானில் 'ஜிட்சொங்' என்று கொண்டாடப்படும் புற்றுக்காளான் இன்றும் சில நூல்களில் டெர்மிட்டோமைசிஸ் அல்புமினோசஸ் என்றும், சிலவற்றில் மாக்ரோலெபியோட்டா அல்புமினோசா என்றும் வருவதைப் பார்த்தால், வழக்கு இன்னும் முடியவில்லை என்று தெரியும். ஒரே காளானுக்கு இரண்டு பேரினப் பெயர்! என் சாய்வு பெக்லர் பக்கம். வேர் இல்லாமல் வந்த மாதிரியில் புற்றுக்காளானைத் தேடியது பெச்சின் கண்ணிலிருந்த புற்றால்தான்.

மைக்ரோகார்ப்பஸுக்குத் திரும்புகிறேன், ஒரு தமிழ்ச் சாட்சியோடு. இந்தப் பகுதி கட்டுரையிலேயே பலவீனமானது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சிறுபாணாற்றுப்படையில் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாணனின் வறிய வீட்டு அடுக்களையைக் காட்டுகிறார். ஈன்ற நாய், கண் திறக்காத குட்டிகள், கழிகள் சரிந்த பழஞ்சுவர், அதைச் சிதல், அதாவது கறையான், கூட்டமாக அரித்துவிட்டிருக்கிறது. அப்படி அரித்ததால் எழுந்த பூழியில் காளாம்பி பூத்திருக்கிறது. புறநானூற்றின் 164ஆம் பாட்டிலும் வறுமையைச் சொல்ல ஆம்பி வருகிறது, ஆனால் அது சமைக்க மறந்த அடுப்பில் பூத்தது. இந்த இரண்டையும் வறுமைக்கான ஒரே அடையாளமாகச் சேர்த்துப் படிப்பதே வழக்கம். எனக்கு அது ஒப்பவில்லை. அடுப்புக் காளானுக்குக் கறையான் வேண்டியதில்லை, ஈரமும் மக்கிய பொருளும் போதும். நத்தத்தனார் மூன்றை வரிசையாகக் கோக்கிறார்: சிதல், சிதல் உண்டாக்கிய தூள், அந்தத் தூளில் காளான். காரணமும் விளைவும் போல அடுக்கப்பட்ட இந்த மூன்றும், மழைக்குப் பின் கறையான் வெளியே இறைத்த துணுக்கில் காளான் கூட்டமாய் முளைக்கும் என்ற பெச்சின் 1906ஆம் ஆண்டுக் குறிப்போடு வியக்கத்தக்க அளவில் பொருந்துகின்றன. சுவர்மேல் முளைத்தது என்று புலவர் சொல்லவில்லை, பூழியில் என்றே சொல்கிறார். மைக்ரோகார்ப்பஸ் முளைக்கும் இடமும் கறையான் தள்ளிய தூள்தான்.

தடை ஒரு சொல்லில் இருக்கிறது: 'புழல்'. காளாம்பிக்கு அடையாக வரும் அதற்கு உட்டுளை என்பதே பொருள், உரைமரபும் அப்படித்தான் கொள்கிறது. மைக்ரோகார்ப்பஸின் தண்டோ நார் நிறைந்து கெட்டியாயிருப்பது. குழல் போன்ற தண்டு வேண்டுமானால், மக்கிய மரத்திலும் மண்சுவர் ஓரத்திலும் கொத்தாய் முளைத்து ஒரே நாளில் வாடும் மைக்காளான் வகை அதைவிடப் பொருந்தும். புழலைப் பூழியோடு கூட்டிக் கறையான் துளைத்த பொந்து என்று கொள்ள முயன்றேன், சொற்கிடக்கை இடம் தரவில்லை. கறையான் அடைத்துணுக்கைப் பெரும்பாலும் வெட்டவெளியில்தான் இறைக்கும், அடுக்களைக்குள் அல்ல என்பது இன்னொரு தடை. கூரை சரிந்து மழை நனைத்த சுவர் என்றால் அந்தத் தடை சற்றுத் தளரும். பாட்டின் காலமும் சங்கத்தொகையின் பிற்பகுதி என்பதற்குமேல் நெருக்கமாக நிற்கவில்லை. ஆகவே இதை மைக்ரோகார்ப்பஸின் முதற்பதிவு என்று எழுத என் கை போகவில்லை. கறையானையும் அதன் தூளையும் காளானையும் ஒரு தொடரில் கண்ட முதற்பதிவுகளில் ஒன்று என்று சொல்வதில் மட்டும் எனக்குத் தயக்கமில்லை. கோனிக்குக்கு இந்தத் தொடரைக் காட்டியவர்கள் அந்த அறிவின் வாரிசுகள்.

பெச் கட்டிய மூட்டையைத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து அவிழ்த்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன். 1979இல் தென்னிந்திய அகாரிக்கேல்ஸ் கட்டுரை வரிசையில் அவர் 'டெர்மிட்டோமைசிஸ் ஹைமீ' என்ற புதிய இனத்தை விவரித்தார். தண்டில் தடித்து நிலைத்து நிற்கும் வளையம் அதன் அடையாளம். இளமையில் வந்து முதிர்வில் உதிரும் வளையத்தைப் பெச் பருவக்குறி என்று தள்ளினார், பெரும்பாலான காளான்களில் அது சரியும்கூட. முதிர்ந்த பின்னும் உதிராத வளையம் ஒன்று உண்டு, அது இனக்குறி என்று காட்ட 66 ஆண்டுகள் பிடித்தன. 1986இல் பெக்லர் வெளியிட்ட இலங்கை அகாரிக் தொகுதியிலும் டெர்மிட்டோமைசிஸ் ஒற்றை இனமாக நிற்கவில்லை. 2002இல் ஆனனும் கூட்டாளிகளும் வெளியிட்ட மரபணு ஆய்வு, கறையானும் பூஞ்சையும் கூடிவாழத் தொடங்கியது ஒரே ஒருமுறைதான் என்று காட்டியது. அந்தத் தொடக்கம் ஆப்பிரிக்க மழைக்காட்டில் என்பது பின்னர் வந்த ஆய்வின் முடிவு. ஒன்றே மூலம் என்ற அளவில் பெச்சுக்கு ஆறுதலுண்டு. ஆனால் அவர் ஒன்றாக்கியது மூலத்தை அல்ல, இன்றைய காளான்களை.

எஞ்சியிருப்பது பெயர் வேலை. அல்புமினோசஸ் மாக்ரோலெபியோட்டாவுக்கே போகிறது என்றால், 1913க்குப் பின் அந்தப் பெயரில் பதிவான ஒவ்வொரு புற்றுக்காளான் குறிப்பையும் திறந்து, அது யூரைசஸா, ஹைமீயா, வேறொன்றா என்று பார்க்க வேண்டும். மாதிரி காப்பாற்றப்பட்டிருந்தால் வளையத்தையும் வித்தையும் பார்க்கலாம். எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தால் தேட வேண்டியது ஒன்றே: பறித்தவர் வேரைப் பற்றி ஒரு சொல்லாவது எழுதினாரா?